அச்சில் இருந்த வம்சாவளியும் பத்திரத்தில் இருந்த வம்சாவளியும்: டான்டன் இரும்பாலைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குடும்பத்தின் பெயரையும், அவர்கள் பொருளைக் கொடுக்க நினைத்த காட்சியகத்தின் பெயரையும் சொல்லவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டு மனிதர்களில், பொது வரலாற்றில் ஏற்கெனவே இடம்பெற்றவர்களை மட்டும் பெயரோடு எழுதியிருக்கிறேன். நூலகம் ஒன்றின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் குடும்ப வரலாறு தேடி வருபவர்களுக்கு உதவும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அங்கே வந்த வேலைதான் இது.

பின்னணி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டான்டன் ஆற்றை ஒட்டிய ஊர்களில் பல தலைமுறைகளாக வாழும் குடும்பம் அது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரும் அவருடைய அக்கா மகளும் எங்களிடம் வந்தார்கள். உறவினர் எல்லோரும் கூடும் விழா ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் குடும்ப வரலாற்றைப் புத்தகமாக அச்சிட வேண்டும், வீட்டிலிருக்கும் பழைய இரும்புப் பானை ஒன்றை உள்ளூர் காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். காட்சியகத்தார் பானைக்கு வரலாற்றுக் குறிப்பு கேட்டார்கள். அதைச் சரிபார்த்துத் தரச் சொல்லித்தான் வந்தார்கள்.

கையில் இருந்தவை நான்கு. 1930களில் குடும்பத்தில் ஒருவர் தட்டச்சு செய்த வம்சாவளி. சட்டம் போட்ட குலச்சின்னப் படம். மூன்று கால் இரும்புப் பானை. ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய கடிதங்களும் ரசீதுகளும்.

தட்டச்சுப் பிரதி நம்பிக்கையோடு ஐந்து விஷயங்களைச் சொன்னது. முதல் மூதாதை ஜேம்ஸ் லெனார்ட் இங்கிலாந்தின் டேக்கர் பிரபு வம்சத்தைச் சேர்ந்தவர். அவர் டான்டனில் வைத்ததுதான் அமெரிக்காவின் முதல் இரும்பாலை. பானை அந்த ஆலையில் அவர் கையால் வார்த்தது. பூர்வகுடித் தலைவர் கிங் ஃபிலிப்பின் தலை அவர் வீட்டு நிலவறையில் வைக்கப்பட்டிருந்தது. கடைசியாக, இந்தக் குடும்பம் ஜேம்ஸின் மூத்த மகன் தாமஸின் கிளை. ஆகவே பிற்காலத்தில் பெர்முடாவின் தலைமை நீதிபதியான டேனியல் லெனார்டுக்கு நெருங்கிய சொந்தம்.

பெரியவர் இந்த ஐந்தையும் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். அவருடைய அக்கா மகளுக்கு ஏற்கெனவே சில சந்தேகங்கள் இருந்தன. ஆனால் அவற்றை மாமாவிடம் நேராகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வேலை முழுக்க அந்த மரியாதையையும் தயக்கத்தையும் மனதில் வைத்தே நாங்கள் நடந்துகொண்டோம்.

முதலில் உறுதி செய்துகொண்டவை

குடும்பக் கதைக்குள் போவதற்கு முன்னால், ஆலையைப் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தவற்றை வரிசைப்படுத்தினோம்.

ஆங்கிலேயர்கள் அமெரிக்காவில் இரும்பு செய்ய முதலில் முயன்ற இடம் வர்ஜீனியாவின் ஃபாலிங் க்ரீக். 1619இல் தொடங்கிய அந்த வேலை 1622இல் நடந்த தாக்குதலில் அழிந்தது. அடுத்து மாசசூசெட்ஸ். ஜான் வின்த்ரப் இளையவர் இங்கிலாந்துக்குப் போய், முதலீட்டாளர்களைச் சேர்த்து, 1643இல் தொழிலாளர்களைக் கப்பலேற்றிக்கொண்டு வந்தார். பிரெயின்ட்ரீயில் வைத்த ஊதுலை சரிப்படவில்லை. 1646 வாக்கில் சாகஸ் ஆற்றங்கரையில் ஹேமர்ஸ்மித் என்ற ஆலை எழுந்தது. ஊதுலை, உலைக்களம், நீர்ச்சக்கரம் ஓட்டும் பெரிய சம்மட்டி, தகடு தட்டி ஆணிக்கம்பி வெட்டும் ஆலை எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருந்தன. 1650இல் டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளில் ஏறக்குறைய 60 பேரை அந்த நிறுவனத்துக்கென வேலைக்கு அனுப்பினார்கள். ஆனால் கடனும் வழக்குமாகி, 1670 வாக்கில் ஹேமர்ஸ்மித் ஓய்ந்துவிட்டது.

நிறுவனம் நொடித்தாலும் வேலை தெரிந்த கைகள் அழியவில்லை. அவை ஊர் ஊராகப் பிரிந்து போயின. 1652இல் டான்டன் ஊர்க்கூட்டம் ஒரு தீர்மானம் போட்டது. பிரெயின்ட்ரீயிலிருந்து ஹென்றி லெனார்டும் ஜேம்ஸ் லெனார்டும் ரால்ஃப் ரஸ்ஸலும் வந்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து டூ மைல் ஆற்றில் இரும்பு உலை வைக்கலாம். மரக்கரிக்குப் பொது நிலத்தில் மரம் வெட்டலாம், தாது தோண்டலாம். ஊர்க்காரர்கள் பங்கு போட்டார்கள். சில ஆண்டுகளில் இரும்புக் கம்பி வெளிவரத் தொடங்கியது. அந்த இடம் இன்று ரெய்ன்ஹாம் என்ற தனி ஊர். ஆற்றின் பெயரும் ஃபோர்ஜ் ஆறு என்றாகிவிட்டது. அந்த உலைக்களம் கை மாறி, உரு மாறி, 200 ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது. ஹேமர்ஸ்மித்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய விஷயம்.

'அமெரிக்காவின் முதல் இரும்பாலை' என்ற வரி இதிலேயே விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக வரக்கூடிய உண்மை அதைவிடக் குறைந்ததல்ல என்று பெரியவரிடம் அப்போதே சொன்னோம். அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஐந்தில் எளிதாக முடிந்தது இது ஒன்றுதான்.

பானை

ஆவணங்களைத் தொடுவதற்கு முன்னால் பானையைப் பார்த்தது வேண்டுமென்றே எடுத்த முடிவு. காகிதத்தில் எழுதியிருப்பதை எப்படி வேண்டுமானாலும் விளக்கலாம். இரும்பு எப்படிச் செய்யப்பட்டது என்பது அதன் உடம்பிலேயே இருக்கும்.

டான்டனில் லெனார்டுகள் வைத்தது ஊதுலை அல்ல. சதுப்பு நிலத்திலும் குளத்தடியிலும் கிடைக்கும் தாதை மரக்கரியோடு சிறிய உலையில் போட்டு, துருத்தியால் காற்று கொடுத்து, இரும்பை நேரடியாக எடுக்கும் முறை அது. அந்தச் சூட்டில் இரும்பு உருகி ஓடாது. கிட்டம் என்ற கழிவு கலந்த, கடற்பஞ்சு போன்ற கட்டியாக உலையடியில் சேரும். அதை இடுக்கியால் வெளியே இழுத்து, சம்மட்டியால் அடித்து அடித்துக் கிட்டத்தைப் பிதுக்கி வெளியேற்றினால் தேனிரும்பு கிடைக்கும். அதைக் கம்பியாக நீட்டலாம். கோடரி, கலப்பைக் கொழு, ஆணி செய்யலாம். அச்சில் ஊற்றிப் பானை செய்ய முடியாது. பானைக்கு உருகி ஓடும் வார்ப்பிரும்பு வேண்டும். அது ஊதுலையில்தான் கிடைக்கும். தென்கிழக்கு மாசசூசெட்ஸில் ஊதுலைகள் வந்தது 1700க்குப் பிறகு.

பானையின் அடிப்பாகத்தில் ஒரு நேர்கோட்டுத் தழும்பு இருந்தது. உருகிய இரும்பை ஊற்றிய வாய் அது. பழைய பானைகளில் இந்தத் தழும்பு வட்டமாக இருக்கும். நீண்ட கோடாக இருப்பது ஏறத்தாழ 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலான வேலை. ஜேம்ஸ் லெனார்ட் 1691க்கு முன்பே இறந்துவிட்டார். ஆகவே பானை அவர் கை வேலையாக இருக்க வழியே இல்லை.

இதைச் சொன்னபோது பெரியவர் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியென்றால் இது யாருடையது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தகரப் பெட்டியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு வீட்டுச் சாமான் பட்டியல் இருந்தது. கணவன் இறந்தபின் விதவைக்கு ஒதுக்கிய பொருட்களின் பட்டியல் அது. அதில் ஓர் இரும்புப் பானையும் வருகிறது. அதே பானை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் குடும்பத்தார் முதன்முறையாக அந்தப் பட்டியலைக் கடைசி வரை படித்தது அன்றைக்குத்தான்.

பிரபு

டேக்கர் பிரபுக்களின் குடும்பப் பெயரும் லெனார்ட் என்றே ஒலிக்கும். ஒரே ஓசை, அவ்வளவுதான் ஆதாரம். 19ஆம் நூற்றாண்டில் அச்சான குடும்ப வரலாறுகளில் இந்தத் தொடர்பு இடம்பெற்றது. 1930களின் தட்டச்சுப் பிரதி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஜேம்ஸோ ஹென்றியோ உயிரோடிருந்த காலத்தில் எழுதப்பட்டு எங்கள் பார்வைக்கு வந்த எந்தப் பதிவிலும் பிரபு வம்சம் என்ற பேச்சே இல்லை. ஊர்க்கூட்டம் அவர்களை அழைத்தது உலை வைக்கத் தெரிந்தவர்கள் என்பதால்தான்.

இரண்டு விஷயங்களைக் குடும்பத்துக்கு விளக்கினோம். ஒன்று, ஆங்கில வழக்கப்படி குலச்சின்னம் ஒரு பெயருக்குச் சொந்தமானதல்ல. அது ஒரு குறிப்பிட்ட மனிதருக்கும் அவர் வழி வாரிசுகளுக்கும் மட்டுமே உரியது. பெயரைச் சொன்னால் சின்னம் வரைந்து விற்கும் வியாபாரம் அமெரிக்காவில் நெடுங்காலமாக நடக்கிறது. இரண்டு, 15ஆவது டேக்கர் பிரபுவான தாமஸ் லெனார்ட் 1674இல் சசெக்ஸ் ஏர்ல் என்ற உயர்ந்த பட்டமும் பெற்றவர். 1715இல் இறந்தபோது அவருக்கு ஆண் வாரிசு இல்லை; ஏர்ல் பட்டம் அவரோடு முடிந்தது. பிரபுப் பட்டம் பிற்பாடு மகளுக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் உறவுமுறை இவ்வளவு விவரமாக ஆவணப்பட்டிருக்கிறது. அதற்குள் மாசசூசெட்ஸில் உலை ஊதிய ஒருவரை நுழைக்க வேண்டுமென்றால் ஓசையை விட வலுவான ஆதாரம் வேண்டும்.

பெரியவருக்கு இது உண்மையிலேயே வலித்தது. அந்தப் படம் அவருடைய தாத்தா மாட்டியது. நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு இழுப்பு வந்தது. குடும்பத்தில் இளைஞர் ஒருவர் எசெக்ஸ் மாவட்டத்தின் 17ஆம் நூற்றாண்டு நீதிமன்றப் பதிவுகளைத் தேடிப் படித்திருந்தார். ஹேமர்ஸ்மித் தொழிலாளர்கள் குடித்ததற்கும், சத்தியம் போட்டுத் திட்டியதற்கும், ஞாயிறு வழிபாட்டுக்கு வராததற்கும் அபராதம் கட்டிய கதைகள் அங்கே ஏராளம். ஜேம்ஸின் அண்ணன் தம்பி உறவான ஹென்றியின் மகன்கள், 1670களில் ரௌலி கிராமத்து இரும்பாலையில் இருந்தபோது ஒழுங்கீனக் குற்றச்சாட்டில் நீதிமன்றம் ஏறினார்கள். ஹென்றி பிற்பாடு நியூஜெர்சிக்குப் போய் அங்கேயும் இரும்பு வேலையில் இறங்கினார். 'பிரபுவெல்லாம் கிடையாது, நம் ஆட்கள் ரௌடிகள், அதையே தலைப்பாகப் போடுவோம்' என்பது அந்த இளைஞரின் யோசனை.

அதையும் நாங்கள் ஏற்கவில்லை. தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) என்ற மதக் கண்டிப்புக்காரர்களின் ஊரில் இரும்பு வேலைக்காரர்கள் வெளியாட்கள், வேலைத்திறனுக்காக அழைக்கப்பட்டவர்கள். நீதிமன்றப் பதிவு தவறு நடந்த நாளை மட்டும்தான் எழுதும். பன்னிரண்டு மணி நேரம் உலை முன்னால் நின்ற நாளை அது எழுதாது. மேலும், அந்த வழக்குகள் ஹென்றியின் பிள்ளைகளுடையவை. இந்தக் குடும்பம் ஜேம்ஸின் வழி என்று சொல்லிக்கொள்வது. எது யாருடையது என்று பிரித்து எழுதுவதில் சமரசம் கூடாது.

விட்டுப்போன ஒரு கண்ணி

உண்மையான சிக்கல் இங்கேதான் இருந்தது. குடும்பத்தின் இன்றைய பெயர் லெனார்ட் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் லெனார்ட் வீட்டுப் பெண் ஒருவர் இவர்கள் குடும்பத்துக்கு மணமுடித்து வந்தார் என்பதுதான் ஒரே தொடர்பு. தட்டச்சுப் பிரதியில் அவரைப் பற்றி இருந்தது ஒரு வரி. பெயர், அதன்பின் 'தாமஸின் பேத்தி'. அவ்வளவே. பிரபுவுக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர், தன் குடும்பத்துக்கே அந்த ரத்தத்தைக் கொண்டுவந்த பெண்ணுக்கு ஒரு வரி கொடுத்திருக்கிறார்.

மரபணுச் சோதனை செய்யலாமா என்று கேட்டார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம், நடுவில் ஒரு பெண் வந்த உடனே அறுந்துவிடும். மற்ற மரபணுக்கள் எட்டு ஒன்பது தலைமுறையில் மிக மெலிந்துபோகும். அதே வட்டாரத்தில் பலமுறை ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்த குடும்பங்களில் எந்தக் கிளை என்று அவற்றால் பிரிக்க முடியாது. வேண்டாம் என்றோம்.

பெயர்க் குழப்பம் வேறு. முதல் ஜேம்ஸ், அவர் மகன் ஜேம்ஸ், பேரன் ஜேம்ஸ் என்று ஒரே வட்டாரத்தில் மூன்று பேர். தாமஸ்களும் பலர். அச்சான வம்சாவளிகள் இந்த இடங்களில் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. பத்துப் புத்தகம் ஒத்துப்போனாலும் சாட்சி ஒன்றுதான். ஆகவே அச்சானதை ஒதுக்கிவிட்டுச் சொத்து ஆவணங்களுக்குப் போவது என்று முடிவெடுத்தோம்.

அதற்குக் காரணம் இருந்தது. குடியேற்றக் கால மாசசூசெட்ஸ் சட்டப்படி, உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, மற்றப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பங்கு. மகள்களுக்கும் அதே ஒரு பங்கு உண்டு. உலைக்களமே பங்குகளாகப் பிரிந்திருந்ததால், அரை, கால், அரைக்கால் என்று தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போனது. கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன மகளின் சிறு பங்கை அண்ணன் தம்பிகள் வாங்கித்தான் ஆலையைக் கையில் வைத்திருக்க முடியும். வாங்கினால் பத்திரம் இருக்க வேண்டும். மனைவியின் சொத்தை விற்கக் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஆனால் பதிவேட்டின் அகரவரிசையில் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் வராது. எனவே கணவனின் பெயரில் உள்ள எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். நிலம் வாங்கியது, வேலித் தகராறு, அடமானம் என்று சம்பந்தமில்லாதவைதான் நிறைய. கடைசியில் கிடைத்தது ஒரு விடுதலைப் பத்திரம். கணவனும் மனைவியும் சேர்ந்து, மனைவியின் 'தந்தை வழி உரிமையாக' வந்த நிலத்தையும் உலைக்களப் பங்கில் ஒரு கூறையும் அவளுடைய சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். சகோதரர்களின் பெயர்களும் இறந்த தந்தையின் பெயரும் தெளிவாக இருந்தன. அந்தத் தந்தையின் சொத்துப் பிரிவினைக் கோப்பில் இதே மகள் கணவன் பெயரோடு வருகிறார். இரண்டும் ஒத்துப்போயின.

தந்தை தாமஸின் கிளையைச் சேர்ந்தவர் அல்ல. ஜேம்ஸின் இளைய மகன்களில் ஒருவரின் வழி. தாமஸின் மகன் ஜார்ஜ் 1690களில் நார்டனுக்குக் குடிபெயர்ந்து பெரும் நிலக்காரரானவர். அவருடைய பேரன்தான் டேனியல் லெனார்ட். ஆங்கில அரசுக்கு ஆதரவாக 1774-75இல் புனைபெயரில் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதி, ஜான் ஆடம்ஸ் அதற்கு மறுப்பு எழுதும் அளவுக்குப் பேசப்பட்டு, நாடு விட்டு வெளியேறி, பெர்முடாவின் தலைமை நீதிபதியானவர் அவர். அவரும் இந்தக் குடும்பமும் தூரத்துச் சொந்தம் மட்டுமே. இந்தக் குடும்பத்தின் கிளை நிலக்கார வழியல்ல. உலைக்களத்தின் சிறு பங்கை வைத்துக்கொண்டு, அங்கேயே வேலையும் செய்து பிழைத்த கிளை.

ஐந்தில் நான்கு விழுந்த இடத்தில், ஜேம்ஸ் லெனார்டின் வம்சம் என்ற அடிப்படை மட்டும் முன்னைவிட உறுதியாக நின்றது. பெரியவர் பத்திர நகலைக் கையில் வாங்கியவுடன் தேடியது மனைவியின் கையெழுத்தை. அது பதிவேட்டு எழுத்தர் எழுதிய நகல், மூலம் அல்ல என்று விளக்கினோம். "பரவாயில்லை, பெயர் இருக்கிறதே" என்றார்.

நிலவறைத் தலை

கிங் ஃபிலிப் என்று ஆங்கிலேயர் அழைத்தவரின் பெயர் மெட்டகாம். வாம்பனோக் மக்களின் தலைவர். பிளிமத் குடியேறிகளோடு சமாதானமாக இருந்த மாசசாய்ட்டின் மகன். நிலம் பறிபோனதும் நீதி மறுக்கப்பட்டதும் சேர்ந்து 1675இல் போர் மூண்டது. அவர் அடிக்கடி லெனார்ட் உலைக்களத்துக்கு வந்து துப்பாக்கியும் கருவிகளும் செப்பனிட்டுக்கொண்டார், போரின்போது அந்தக் குடும்பத்தைத் தொடக் கூடாது என்று ஆணையிட்டார், அவர் இறந்தபின் அவருடைய தலை லெனார்ட் வீட்டு நிலவறையில் சிறிது காலம் இருந்தது என்பவை ரெய்ன்ஹாம் மரபுக் கதைகள். ஊர்ப் பாதிரியார் பெரெஸ் ஃபோப்ஸ் 1793இல் எழுதிய ஊர் வர்ணனையில் இவை வருகின்றன. அதாவது சம்பவத்துக்கு 117 ஆண்டுகள் கழித்து.

மெட்டகாம் கொல்லப்பட்டது 1676 ஆகஸ்ட் 12 அன்று, மவுன்ட் ஹோப்பில். தலை பிளிமத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, கம்பத்தில் பல ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்தது என்பது சமகாலத்தவர் எழுதியது. நிலவறைக்கு இதில் இடமில்லை.

ஆனால் ஆவணத்தோடு பொருந்தவில்லை என்பதோடு இதை முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தட்டச்சுப் பிரதி இதைக் குடும்பப் பெருமையாக, 'அரிய சம்பவம்' என்று எழுதியிருந்தது. காட்சியகக் குறிப்பின் முதல் வரியாகவும் இதையே போட நினைத்திருந்தார்கள். இது ஒரு மனிதனின் வெட்டப்பட்ட தலை. அவருடைய மனைவியும் ஒன்பது வயது மகனும் பிடிபட்டார்கள். சிறுவனைக் கொல்லலாமா என்று பாதிரியார்களிடம் கருத்துக் கேட்டார்கள். பக்கத்து ஊரான பிரிட்ஜ்வாட்டரின் ஜேம்ஸ் கீத் இரக்கம் காட்டச் சொன்னார். 1677இல் அந்தப் பையனை அடிமையாக விற்க அனுப்பினார்கள். வாம்பனோக் மக்கள் இன்றும் அதே மாநிலத்தில் வாழ்கிறார்கள். அக்வின்னா, மாஷ்பீ இரண்டு சமூகங்களும் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றவை. அவர்கள் பிள்ளைகளும் பள்ளிச் சுற்றுலாவில் அந்தக் காட்சியகத்துக்கு வருவார்கள்.

இதைப் பெரியவரிடம் நேராகவே சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுமுறை வந்தபோது, அந்த வரியைத் தானே அடித்துவிட்டுக் கொண்டுவந்தார்.

எடுத்த முடிவுகள்

எழுதுவதில் ஒரு ஒழுங்கை ஏற்றுக்கொண்டோம். ஆவணம் உறுதிப்படுத்தியது நேரடி வாக்கியமாக வரும். மரபாகச் சொல்லப்படுவது, முதலில் எப்போது அச்சில் வந்தது என்ற ஆண்டோடு 'மரபு' என்று வரும். ஆவணம் மறுப்பது பின்னிணைப்பில், எதனால் மறுக்கப்பட்டது என்ற விளக்கத்தோடு வரும். ஜேம்ஸ், ஹென்றி சகோதரர்கள் வேல்ஸின் பான்டிபூலிலிருந்து வந்தவர்கள் என்ற செய்தி இரண்டாம் வகையில் போனது.

பிரபுக் கதையை முழுவதுமாக நீக்கிவிடலாம் என்று இளைஞர் சொன்னார். நாங்கள் பின்னிணைப்பில் வைக்கச் சொன்னோம். நீக்கினால் இன்னும் இருபது ஆண்டுகளில் வேறொருவர் அதே பழைய புத்தகத்தைப் பார்த்து, 'இது விட்டுப்போயிருக்கிறதே' என்று திரும்பச் சேர்த்துவிடுவார். ஏன் ஏற்கவில்லை என்பது அச்சில் இருந்தால்தான் அது நிற்கும். 1930களின் தட்டச்சுப் பிரதியை அப்படியே படியெடுத்துப் பாதுகாக்கவும் சொன்னோம். அதை எழுதியவர் ஏமாற்றுக்காரர் அல்ல. தனக்குக் கிடைத்த அச்சுப் புத்தகங்களை நம்பியவர். 1850க்குப் பிந்தைய தலைமுறைகளைப் பற்றி அவர் சொந்தமாக விசாரித்து எழுதியவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன.

மெட்டகாம் பற்றிய பகுதி தனி அத்தியாயமானது. உலைக்களத்தில் துப்பாக்கி செப்பனிட்ட கதை மரபாகவும், போரும் மரணமும் ஆவணப்படியும் அதில் வந்தன.

பின்னர் நடந்தது

குடும்ப விழாவுக்குள் புத்தகம் முடியவில்லை. அதற்குப் பதில் சிறு கையேடு ஒன்று அச்சிட்டார்கள்; முதல் பக்கத்தில் விடுதலைப் பத்திரத்தின் நகல். விழாவில் பெரியவரே எழுந்து குலச்சின்னம் நம்முடையதல்ல என்று சொன்னார். உறவினர் சிலர் ஏற்கவில்லை. ஒரு கிளையினர் தங்கள் வீட்டுப் படத்தைக் கழற்றப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. அக்கா மகள்தான் இப்போது புத்தகத்தை எழுதுகிறார். 18ஆம் நூற்றாண்டுப் பெண்ணைப் பற்றிய பகுதியை அவர் விரித்துக்கொண்டிருக்கிறார்.

காட்சியகம் பானையை ஏற்றுக்கொண்டது. '18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய வார்ப்பிரும்புப் பானை, உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் பயன்பாட்டில் இருந்தது' என்பது குறிப்பு. பக்கத்தில், டூ மைல் ஆற்று உலையில் ஏன் பானை வார்க்க முடியாது என்று விளக்கும் ஒரு பலகை.

அடுத்த முறை மாற்றிக்கொள்வது

இப்படி ஒரு குடும்பம் வந்தால், எந்தக் கேள்விக்கு எந்த மாதிரி ஆதாரம் போதும் என்று தேடத் தொடங்குமுன்பே எழுத்தில் ஒத்துக்கொள்ளச் சொல்வோம். முடிவு தெரிந்தபின் அளவுகோலைப் பற்றி விவாதிப்பது எல்லோருக்கும் கஷ்டம். விழா நாள் போன்ற கெடுவுக்குள் முழுப் புத்தகம் வேண்டாம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

பெண் வழியில் வரும் தொடர்பு இருந்தால் அந்தக் கண்ணியிலிருந்தே தொடங்குவது என்று வேலை வரிசையை மாற்றியிருக்கிறோம். பிரபுவைப் பற்றிய தேடலை அதற்குப் பின்னால் வைத்தாலும் ஒன்றும் குறையாது. பூர்வகுடி மக்களைப் பற்றிய செய்தி குடும்பப் பிரதியில் இருந்தால், வரைவு முடியுமுன்பே அந்தச் சமூகத்தின் வரலாற்றுப் பொறுப்பாளர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பது என்பதும் இப்போது எங்கள் நடைமுறையில் சேர்ந்திருக்கிறது. இந்தக் குடும்பத்தின் அத்தியாயத்தையும் அப்படி அனுப்பப் பெரியவர் சம்மதம் கொடுத்திருக்கிறார்.